ஒட்டிய பிவிசி இணைப்பைக் கழற்றலாமா?

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், அதாவது கடைக்காரர்களும் பிளம்பர்களும் ஜிஐ பைப் என்று சொல்பவை, வீட்டுச் சுவர்களில் ஓடிய காலத்தில், குழாயைத் திருப்பும் எல்போ, கிளை பிரிக்கும் டீ, நேராக நீட்டும் கப்ளிங் ஆகிய உதிரிகள் (ஃபிட்டிங்குகள்) யாவும் மரை போட்டவையாகவே இருந்தன. சணல் நூலைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் தடவி முறுக்கிய அந்த இணைப்புகளை, இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும், துருவோடு சற்று மல்லுக்கட்டியாவது, இரண்டு பைப் ரெஞ்சுகளை எதிரெதிராகப் பிடித்துக் கழற்றிவிட முடிந்தது. கழற்றியதைத் துடைத்து, புதிய சணலைச் சுற்றி, வேறோர் இடத்தில் மறுபடி பூட்டுவது பிளம்பரின் அன்றாட வேலையாக இருந்தது. பிவிசி குழாய் வந்த பிறகு அந்த வழக்கம் நின்றுபோயிற்று, ஆனால் எதிர்பார்ப்பு மட்டும் வீட்டுக்காரர்களின் மனத்தில் அப்படியே இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கைப்பிடி உடைந்த பால் வால்வை மாற்ற வரும் பிளம்பர், அதன் இருபுறமும் உள்ள நல்ல எல்போக்களையும் சேர்த்து அறுத்துக் கீழே போடும்போது, அது வீண் செலவாகவும் அவசரத்தில் செய்த வேலையாகவும் அவர்களுக்குத் தோன்றுகிறது. பெரும்பாலான இடங்களில் அவ்வாறு அறுத்துப்போடுவதே சரி. சில இடங்களில் மட்டும் அது தவறு. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால், இணைப்பின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது முதலில் விளங்கியிருக்க வேண்டும்.

பிவிசி குழாயை இணைக்கும் திரவத்தைத் தமிழகத்துக் கடைகளில் சொல்யூஷன் என்றே கேட்டு வாங்குகிறார்கள். வேறு வழியில்லாமல் அதைப் பசை என்று மொழிபெயர்ப்பதும் உண்டு, ஆனால் அந்தச் சொல் வழிதவறச் செய்வது. காகிதத்தில் தடவும் பசை இரண்டு பரப்புகளுக்கு நடுவே மூன்றாவது பொருளாகக் காய்ந்து நிற்கிறது. அதனால்தான் தபால்தலையை நீரில் ஊறவைத்தால் பசை இளகி, தலை தனியாகவும் உறை தனியாகவும் வந்துவிடுகின்றன. சொல்யூஷன் என்பதோ டெட்ரா ஹைட்ரோ ஃபியூரான், மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்சனோன் போன்ற கரைப்பான்களில் பிவிசி பிசினையே கரைத்து வைத்திருக்கும் கலவையாகும். அதைத் தடவியவுடன் குழாயின் வெளிப்பரப்பும் ஃபிட்டிங்கின் உட்பரப்பும் மெழுகுபோல் இளகி உப்புகின்றன. அங்கே நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெகிழ்ந்து, இரண்டு பரப்புகளும் அழுத்தப்படும்போது ஒன்றன் சங்கிலி மற்றொன்றின் சங்கிலிக்குள் நுழைந்து பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் மெல்ல மெல்ல வெளியேறிவிட, எஞ்சுவது பிவிசி மட்டுமே. இரும்பில் வெப்பத்தால் செய்யும் பற்றவைப்பை இங்கே கரைப்பான் சூடின்றிச் செய்கிறது என்று கொண்டால், அதன் இயல்பு சரியாகப் பிடிபடும்.

பிவிசி என்ற இந்தப் பொருளின் வரலாறும் கரைப்பானோடு பின்னிய வரலாறுதான். ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பௌமன் 1872இல், வெயில் பட்ட குடுவையில் வினைல் குளோரைடு வெண்ணிறத் திடப்பொருளாக மாறியிருப்பதைக் கண்டு பதிவு செய்தார். ஆனால் பயன்படுத்தக் கூடிய வடிவம் அதற்கு நெடுங்காலம் கிட்டவில்லை. அமெரிக்காவின் குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு பிணைக்கும் பொருளைத் தேடி, அதிக வெப்பத்தில் கொதிக்கும் கரைப்பான்களில் பிவிசியைச் சூடாக்கிப் பார்த்தபோதுதான், 1926இல், வளைந்து கொடுக்கும் மென்மையான பிவிசி கிடைத்தது. குழாய்க்குப் பயன்படுவது அதற்கு எதிரான வகை. மென்மையூட்டி சேர்க்காத இறுகிய பிவிசி என்பதால் அதனை யுபிவிசி என்று குறிக்கிறார்கள். ஜெர்மனியில் 1930களிலேயே இத்தகைய குழாய்கள் பதிக்கப்பட்டுவிட்டன.

பற்றவைப்புக்குத் துணைநிற்பது சாக்கெட்டின் வடிவம். சாக்கெட் என்பது ஃபிட்டிங்கில் குழாய் நுழையும் வாய்ப்பகுதி. பார்வைக்கு நேரான உருளை போலத் தோன்றினாலும், வாயில் சற்று அகன்றும் அடியில் சற்று ஒடுங்கியும் இருக்குமாறு அது வார்க்கப்படுகிறது. சொல்யூஷன் தடவாமல் குழாயைச் செருகிப் பார்த்தால், சாக்கெட்டின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் அது இறுகி நின்றுவிட வேண்டும். அதற்குமேல் உள்ள தூரத்தைச் சொல்யூஷன் இளக்கிய பரப்புதான் கடக்க விடுகிறது. அந்த இறுக்கமே இரண்டு பரப்புகளையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கிறது. குழாயைக் கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை தள்ளி, ஏறத்தாழ முப்பது வினாடி கையை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்: கையை எடுத்தால் சாக்கெட்டின் சரிவு குழாயை மெல்லப் பின்னுக்குத் தள்ளிவிடும். மெட்ரிக் அளவு ஃபிட்டிங்குகளில் சாக்கெட்டின் ஆழத்துக்குப் பொதுவான கணக்கு, குழாய் விட்டத்தில் பாதியோடு 6 மில்லிமீட்டர் என்பது. 63 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ 37.5 மி.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் பிவிசி ஒன்றாகிப் போயிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

இவ்வளவும் தெரிந்தால், பலரும் நம்பிக்கையோடு கேட்கும் முதல் வழி ஏன் பயன்தராது என்பது தானே விளங்கும். பெயின்ட் தின்னரிலோ அசிட்டோனிலோ ஊறவைத்தால் ஒட்டு விட்டுவிடாதா என்பது அந்தக் கேள்வி. கரைப்பானுக்குப் பழைய சொல்யூஷன் எது, குழாய் எது, ஃபிட்டிங் எது என்ற பேதம் தெரியாது; மூன்றும் அதற்கு ஒரே பிவிசிதான். அசிட்டோன் பிவிசியை முழுதாகக் கரைப்பதுகூட இல்லை, உப்ப வைத்து இளக்கிவிடுகிறது. ஆகவே இணைப்பை ஊறவைத்தால் காப்பாற்ற நினைத்த ஃபிட்டிங்கும் சேர்ந்தே கெடும். இணைப்பைப் பிரித்தெடுக்கக் கூடிய நேரம், குழாயைச் செருகிய முதல் சில வினாடிகள் மட்டுமே. அளவு தவறிவிட்டது என்று அந்தக் கணத்தில் தெரிந்தால் திருகி இழுத்துவிடலாம். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இழுத்தால், பாதி இறுகிய பரப்பு கிழிந்து, இழுத்தும் பயனில்லாமல், விட்டாலும் ஒழுகும் நிலைக்கு இணைப்பு போய்விடும்.

எனவே ஒட்டிய பிவிசி இணைப்பைக் கழற்ற முடியாது என்பதே உண்மை. முடிவதெல்லாம், ஃபிட்டிங்கின் உள்ளே உடலோடு ஒன்றிக் கிடக்கும் குழாய்த் துண்டைப் பலியிட்டு, ஃபிட்டிங்கை மட்டும் மீட்டெடுப்பதுதான். அந்த உழைப்பு எதற்குத் தகும் என்பதில் தயங்க வேண்டியதில்லை. முக்கால் அங்குல எல்போவின் விலை, அதை மீட்கச் செலவாகும் அரை மணி நேரக் கூலியில் மிகச் சிறிய பகுதியே. அதை மீட்டெடுக்கப் பாடுபடுவது சிக்கனம் என்ற பெயரில் நேரத்தை எரிப்பது. பித்தளை மரை பதித்த டீயோ எல்போவோ டைல்ஸ் ஒட்டிய குளியலறைச் சுவருக்குள் புதைந்திருந்தாலும், நான்கு அங்குலக் கழிவுநீர்க் குழாயின் டீ காங்கிரீட் தளத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தாலும் கதை வேறு. அங்கே காப்பாற்றப்படுவது ஃபிட்டிங்கின் விலை மட்டுமன்று. சுவரை உடைப்பது, அதே நிறத்து டைல்ஸைத் தேடி அலைவது, மறுபடி பூசுவது, ஈரக்காப்புப் பூச்சு கெடுவது ஆகிய அத்தனையும் காப்பாற்றப்படுகின்றன. மீட்டெடுக்கும் கலை அத்தகைய இடங்களுக்காகத்தான் தேவைப்படுகிறது.

எளிய முறைக்கு வேண்டிய கருவி ஓர் ஆக்சா பிளேடு மட்டுமே. அங்குலத்துக்கு 24 பல் கொண்ட பிளேடைப் பாதியாக முறித்து, ஒரு முனையில் துணியை இறுகச் சுற்றிப் பிடியாக்கிக்கொண்டு, இழுக்கும்போது அறுக்குமாறு பற்கள் கையை நோக்கி இருக்கப் பிடிக்க வேண்டும். தள்ளும்போது அறுத்தால் பிளேடு வளைந்து, கை வழுக்கிப் போகும். குழாயைச் சாக்கெட் வாயிலிருந்து ஏறத்தாழ அரை அங்குலம் விட்டு அறுத்த பிறகு, எஞ்சிய துண்டின் உட்புறத்தில், நீளவாக்கில், வாயிலிருந்து அடிவரை ஒரு கீறல் போடப்படுகிறது. ஒரு அங்குல வெள்ளை யுபிவிசி குழாயின் ஷெட்யூல் 40 என்னும் தடிமன் வகையில் சுவர் 3.38 மி.மீ.; அந்தத் தடிமனை அறுத்து முடித்தவுடன், ஃபிட்டிங்கின் உடலில் பல் படுவதற்கு முன் நிறுத்தியாக வேண்டும். இரண்டும் வெள்ளையாக இருப்பதால் நிற வேறுபாடு கைகொடுக்காது என்றாலும், டார்ச் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால், சொல்யூஷன் காய்ந்த இடம் மயிரிழை அளவுக்குக் கண்ணாடி போல் மினுங்கும் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைத் தொட்டவுடன் பிளேடை எடுத்துவிட வேண்டும்.

கை பழகாதவர்களுக்கு ஒரு தவறு எப்போதும் நேர்கிறது. மணிக்கட்டின் சாய்வினால் பிளேடு வாய்ப்பக்கம் ஆழமாகவும் அடிப்பக்கம் மேலோட்டமாகவும் அறுக்கிறது. ஆதலால் வாயில் ஃபிட்டிங்கே கீறுபடும் நேரத்தில், அடியில் குழாய் பாதிகூட அறுபட்டிருக்காது. பிளேடைக் குழாய்ச் சுவருக்கு இணையாகப் படியவைத்து, குறுகிய இழுப்புகளாக, அடிப்பகுதியிலிருந்து தொடங்கி வாயை நோக்கி வருவதே இதற்கு மாற்று. முதல் கீறலிலிருந்து பத்து மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது கீறல் போட்டால், நடுவே ஒரு பட்டை தனித்து நிற்கும். கூரான சிறு உளியையோ தேய்ந்த திருப்புளியையோ அந்தப் பட்டைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தட்டினால், சொல்யூஷன் சரியாகப் படியாத இடத்தில் பட்டை முதலில் விட்டுக்கொடுக்கும். ஒரு பட்டை வந்துவிட்டால், வளையம் உடைந்துபோன குழாய்க்கு உள்நோக்கிச் சுருள இடம் கிடைத்துவிடுவதால், மீதியைக் குறட்டால் பிடித்து உள்ளே மடக்கி எடுப்பது எளிது. நன்றாகச் செய்யப்பட்ட இணைப்பில் பட்டை முழுதாக வராமல் செதில் செதிலாக உடையும் என்பதும், அங்கே பொறுமைதான் கருவி என்பதும் அனுபவம் உள்ள பிளம்பர்கள் அறிந்தவை.

வெப்பம் இந்த வேலையைப் பாதியாகக் குறைக்கும், ஆனால் கவனம் தப்பினால் முழுதாகக் கெடுக்கவும் கூடும். பிவிசி ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸில் கண்ணாடித் தன்மையை இழந்து தோல்போல் துவளும் நிலைக்கு வருகிறது. இந்த எல்லையைக் கண்ணாடி மாறுநிலை வெப்பம் என்பார்கள். வெந்நீருக்கான சிபிவிசி, அதாவது கூடுதலாகக் குளோரின் ஏற்றிய பிவிசி, 100 டிகிரிக்கு மேல்தான் அந்த நிலையை அடைகிறது; ஆகவே கொதிநீர் ஊற்றிப் பிவிசியை இளக்கலாம், சிபிவிசியை இளக்க முடியாது. ஹீட் கன் என்னும் வெப்பக்காற்றுக் கருவியின் மூக்கைக் குழாய்த் துண்டின் உள்ளே காட்டி, கையை நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், வெப்பம் முதலில் குழாயின் மெல்லிய சுவரை இளக்கும். தடித்த ஃபிட்டிங்குக்கு அது பரவுவதற்குள், கீறலின் ஓரத்தைக் குறட்டின் மூக்கால் பற்றி உள்நோக்கிச் சுருட்டினால், வாழைப்பட்டையை உரிப்பது போலக் குழாய் வந்துவிடும். வெளியே தெரியும் ஃபிட்டிங்கானால் அதன்மீது ஈரத்துணியைச் சுற்றி வைப்பது நல்ல காப்பு. அச்சில் வார்த்த ஃபிட்டிங்குகளின் உடலில் குளிரும்போது உறைந்த இழுவிசைகள் தங்கியிருப்பதால், அவை சூடேறினால் வாய் நெளிந்து வட்டம் கெட்டுவிடும். பித்தளை மரை பதித்தவையாக இருந்தால், உலோகம் வெப்பத்தை வாங்கிச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கிலிருந்து தளர்ந்துபோகும். அப்படித் தளர்ந்தது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, சுவர் பூசி முடித்த பிறகு கசியத் தொடங்கும். பித்தளை உள்ளவற்றில் வெப்பத்தைத் தவிர்த்து, பிளேடோடு நிறுத்திக்கொள்வதே சரி.

குழாய்த் துண்டுக்குள் கரைப்பானை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டு எரிப்பது, சிலர் குறுக்குவழியாகச் சொல்லித்தரும் முறை. அதைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. டெட்ரா ஹைட்ரோ ஃபியூரான் 66 டிகிரியிலும் அசிட்டோன் 56 டிகிரியிலும் கொதிப்பவை. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவி, சற்றுத் தொலைவில் வைத்திருக்கும் திறந்த டப்பாவையும் பற்றவைத்துவிடும். எரியும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வருகிறது. அது கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. சன்னலற்ற குளியலறையில் இதைச் செய்வது உயிரோடு விளையாடுவது. ஹீட் கன்னிலும் பிவிசி பழுப்பேறத் தொடங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது என்று அறிந்து, உடனே விலக்கிவிட வேண்டும்.

அளவு பெரியதாகி, இணைப்புகளின் எண்ணிக்கையும் கூடும்போது, சாக்கெட் ரீமர் என்னும் கருவி பயன்படுகிறது. துளைபோடும் இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றும் இதன் நடுவில், குழாயின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் வழிகாட்டி உருளை ஒன்றும், அதன் பின்னால் சாக்கெட்டின் விட்டத்துக்குச் செய்த வெட்டுத் தகடுகளும் இருக்கின்றன. வழிகாட்டி குழாய்க்குள் நுழைந்து கருவியை மையத்தில் நிறுத்த, தகடுகள் குழாய்ச் சுவரைச் சீவிச் சுருள்சுருளாக வெளியே தள்ளுகின்றன. இவை பெரும்பாலும் அமெரிக்க அங்குல அளவுகளுக்குச் செய்யப்படுபவை. அதே ஒரு அங்குலக் குழாயில் ஷெட்யூல் 80 வகையின் சுவர் 4.55 மி.மீ. தடிமன் கொண்டதால், வெளிவிட்டம் மாறாமல் உள்விட்டம் குறைந்துவிடும். ஷெட்யூல் 40 குழாய்க்கான வழிகாட்டி அதில் நுழையவே நுழையாது. கருவியை வேகமாகச் சுழற்றினால் உராய்வுச் சூட்டில் பிவிசி உருகித் தகட்டில் அப்பிக்கொள்ளும் என்பதால், மெதுவான சுழற்சியும் லேசான அழுத்தமும் இன்றியமையாதவை.

சாக்கெட் காலியான பிறகுதான் உண்மையான சோதனை வருகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய பழைய சொல்யூஷன் படலம் பகையன்று. அதுவும் பிவிசியே என்பதால், புதிய சொல்யூஷன் அதையும் இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பகையாவது மேடும் பள்ளமும், எண்ணெய்ப் பிசுக்கும், வாயிலிருந்து அடிவரை நீளும் பிளேடுக் கீறலும்தான். மேட்டை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, புதிய குழாயைச் சொல்யூஷன் இல்லாமல் செருகிப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே எங்காவது இறுகி நின்றால் சாக்கெட்டின் சரிவு பிழைத்திருக்கிறது. தடையின்றி அடிவரை விழுந்து, ஆட்டினால் கடகடவென்று ஆடினால், சரிவு போய்விட்டது, அந்த ஃபிட்டிங்கை விட்டுவிட வேண்டும். இடைவெளியை அதிகச் சொல்யூஷன் ஊற்றி நிரப்பிவிடலாம் என்பது தவறான நம்பிக்கை: கரைப்பான் வெளியேறும்போது நிரப்பியது சுருங்கி, உள்ளே நுண்ணிய வெற்றிடங்களை விட்டுச் செல்லும். சற்றே தளர்வாக இருந்தால் அடர்த்தி மிகுந்த வகைச் சொல்யூஷன் உதவும். அதற்கும் எல்லை உண்டு. நீளக் கீறல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தால், தண்ணீர் வெளியேற வாய்க்கால் வெட்டியதற்குச் சமம். அங்கும் ஃபிட்டிங்கை மறந்துவிடுவதே நல்லது.

மீட்ட ஃபிட்டிங்கை எங்கே பயன்படுத்தலாம் என்பதைத் தண்ணீரின் அழுத்தம் தீர்மானிக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அழுத்தும். இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தரைத்தளக் குழாய்க்கு வருவது அவ்வளவே. கழிவுநீர்க் குழாயிலும் மழைநீர்க் குழாயிலும் அழுத்தமே இல்லை எனலாம். அங்கே நன்கு மீட்ட ஃபிட்டிங் தயக்கமின்றிப் பொருத்தத் தக்கது. பிரஷர் பம்ப் வைத்த குழாயும், கிணற்று மோட்டார் நேரடியாகத் தள்ளும் குழாயும் அப்படியல்ல. வால்வை வெடுக்கென்று மூடும்போது ஓடிவந்த நீர் முட்டி எழுப்பும் திடீர் அழுத்தம், அதாவது நீர்ச்சம்மட்டி அடி, வழக்கமான அழுத்தத்தைவிடப் பல மடங்கு உயரக் கூடும். அதைத் தாங்கும் பொறுப்பை ஒருமுறை சுரண்டி எடுத்த சாக்கெட்டிடம் ஒப்படைக்கக் கூடாது. எந்த இடமானாலும் ஒட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடாமல் காத்திருப்பதும், பூசி மூடுவதற்கு முன் நீரை நிரப்பி வைத்துக் கசிவைப் பார்ப்பதும் கட்டாயம்.

பழைய ஃபிட்டிங்கின் வயதும் கணக்கில் வர வேண்டியது. பல ஆண்டுகள் வெயிலில் கிடந்த பிவிசி, புற ஊதாக் கதிரால் மேற்பரப்பு வெளிறிச் சுண்ணாம்பு பூத்தாற்போல் ஆகி, அதிர்வைத் தாங்கும் வலிமையை இழக்கிறது. விரலால் தேய்த்தால் வெண்பொடி ஒட்டும் ஃபிட்டிங், உளி பட்டவுடன் பிளந்துபோகும். இதைவிட முக்கியமானது ஈயம். உருக்கி வார்க்கும்போது பிவிசி சிதையாமலிருக்க ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது நீண்டகால வழக்கமாக இருந்தது. பிவிசி குழாய்களிலும் ஃபிட்டிங்குகளிலும் அதைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 2021இல் தனி விதிகளை வெளியிட்டது. அதற்கு முந்தைய சரக்கில் ஈயம் இருக்கக் கூடும் என்று கொண்டு, பழைய ஃபிட்டிங்கைக் குடிநீர்க் குழாயில் திரும்பப் பொருத்தாமல் இருப்பதும், அறுக்கும்போதும் உப்புத்தாள் போடும்போதும் முகக்கவசம் அணிவதும், பொடியைச் சமையலறைப் பக்கம் விடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் தேவையான எச்சரிக்கைகள். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் அலட்சியம் காட்டுவதற்கு எந்தச் சிக்கனமும் சாக்காகாது.

மீட்டெடுத்த உதிரிகளைச் சாக்கில் சேர்த்து வைப்பவர்கள் பெரிதும் ஏமாறுவது அளவில்தான். கடைப் பேச்சில் ஒரு அங்குலம் என்று சொல்லப்படும் குழாய்கள் மூன்று வகை: ஐஎஸ் 4985 தரத்துக்கு உட்பட்ட மெட்ரிக் குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ.; வீட்டுக் குழாய்வேலைக்கான வெள்ளை யுபிவிசி அமெரிக்க ஏஎஸ்டிஎம் அளவைப் பின்பற்றுவதால் 33.40 மி.மீ.; செம்புக் குழாயின் அளவைப் பின்பற்றும் சிபிவிசி 28.6 மி.மீ. முதலிரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், வெள்ளை ஃபிட்டிங்கில் மெட்ரிக் குழாய் லொடலொடவென்று நுழைந்துவிடும். சொல்யூஷன் பூசினால் ஒட்டியதுபோலவும் இருக்கும், மோட்டார் போட்டவுடன் பிடுங்கிக்கொண்டு வரும். சிபிவிசிக்கும் யுபிவிசிக்கும் சொல்யூஷனும் வேறு வேறு. ஃபிட்டிங்கின் உடலில் புடைப்பாக அச்சிட்டிருக்கும் அளவையும் தரக்குறியையும் படித்து, வகை வகையாகப் பிரித்து வைப்பது நல்ல பழக்கம்.

தோட்டங்களில் இந்தச் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. சொட்டுநீர்ப் பாசனம் போட்ட நிலத்தில், 63 மி.மீ. சப்மெயின் என்னும் கிளைக் குழாயின் தலையில் நிற்கும் பால் வால்வு, பயிர் மாறும்போது வேறு வயலுக்கு இடம் மாற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வால்வின் இருபுறமும் அறுத்து எடுத்தால், மூன்றாவது முறை ஒட்டுவதற்குக் குழாய் மிஞ்சாது. ஃபிட்டிங் கிடைக்காத அவசரத்தில், காய்ந்த ஓலைத் தீயில் குழாய் முனையைக் காட்டி இளக்கி, மற்றொரு குழாயை அதற்குள் திணித்துச் சாக்கெட் போல விரித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. கைத்திறன் பாராட்டத் தக்கதுதான். ஆனால் தீ படும் இடத்தில் சுவர் ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் கருகிப்போவதால், மோட்டாருக்கு அருகிலுள்ள குழாயில் அதை நம்புவதற்கில்லை. யூனியன் வைத்த வால்வைத் தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால் இத்தனை பாடும் இல்லை. யூனியன் என்பது, ஒட்டிய இரண்டு முனைகளுக்கு நடுவே ரப்பர் வளையத்தோடு மரை போட்ட நட்டுகளால் இறுக்கப்படும் இணைப்பு. நட்டைத் திருகினால் வால்வின் உடல் மட்டும் கையோடு வந்துவிடும், ஒட்டிய பாகங்கள் அங்கேயே நிற்கும்.

வீட்டுக்கும் இதுவே பொருந்தும். தொட்டியின் வெளியேற்று வால்வு, பிரஷர் பம்பின் இருபுறம், தண்ணீர் சுத்திகரிப்பு வடிகட்டி, கீசருக்குப் போகும் குழாய் ஆகியவை என்றேனும் ஒருநாள் கழற்றப்பட வேண்டியவை என்பது கட்டும்போதே தெரிந்ததுதான். அத்தனை இடத்திலும் யூனியனோ, வெளிமரை (எம்டிஏ), உள்மரை (எஃப்டிஏ) அடாப்டர்களோ வைக்கும்படி பிளம்பரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். யூனியன் வைக்க முடியாத இடத்தில், இரண்டு ஃபிட்டிங்குகளுக்கு நடுவே மூன்று நான்கு அங்குல நேர்க்குழாயாவது விடச் சொல்ல வேண்டும். நெருக்கி ஒட்டிய எல்போவும் டீயும் பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் ஒன்று உடைந்தால் கப்ளிங் போட இடமின்றி இரண்டையும் அறுக்க வேண்டிவரும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர் பூசுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, டேப்பைக் கையில் எடுத்து, புதைந்து போகவிருக்கும் ஒவ்வோர் இணைப்பிலும் அந்த மூன்று அங்குலம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிடுங்கள்.